மின்கலப் பெட்டி மூடப்படுவதற்கு முன்

காஸ்தோன் பிளாந்தே 1859-இல் உருவாக்கிய ஈய-அமில மின்கலம், அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே பெட்ரோல் காருக்கு இன்றியமையாத உறுப்பாயிற்று. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டுக் காடிலாக்கில் இடம்பெற்று, கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் பாடு ஒழிந்தபோது, ஸ்டார்ட்டர் உறிஞ்சிய மின்னைப் பேட்டரிக்குத் திரும்ப ஊட்ட எஞ்சினால் சுழலும் டைனமோவும் தேவைப்பட்டது. வண்டி கிளம்பாத காலைகளில் பேட்டரி தாங்கவில்லையா, டைனமோ தரவில்லையா என்ற கேள்வியும் அதனோடு பிறந்தது.

அக்காலப் பேட்டரி பழுது பார்ப்பவருக்கு எதையும் ஒளிக்கவில்லை. கறுப்புக் கடின ரப்பர்ப் பெட்டியின் மேல் தார் பூச்சும், அறைகளை இணைக்கும் ஈயப் பட்டைகளும், அறைக்கொரு மூடியும் வெளியே தெரிந்தன. மின்னிறக்கத்தின்போது அமிலத்திலுள்ள சல்பேட் தகடுகளில் படிவதால் அமிலம் நீர்த்துப்போகிறது. எனவே, கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை கொண்ட ஹைட்ரோமீட்டரால் அமிலத்தை உறிஞ்சி ஒப்படர்த்தியை, அதாவது நீரைவிட அது எத்தனை மடங்கு கனமானது என்பதை, அளந்தால் இருப்பு தெரிந்துவிடும். பட்டறை வழக்கில் இதற்குக் 'கிராவிட்டி பார்ப்பது' என்று பெயர். முழு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 1.280, இறங்கியபின் 1.120, ஆறு அறைகளும் ஒருசேரத் தாழ்ந்திருந்தால் ஐயம் டைனமோவின் பக்கம் திரும்பும், ஓர் அறை மட்டும் 0.050 அளவுக்குத் தாழ்ந்திருந்தால் பழுது அந்த அறைக்குள்ளேயே இருக்கும். அப்போதுதான் வடிநீர் ஊற்றிய அறை பொய் சொல்லும் என்பதையும் அனுபவசாலிகள் அறிந்திருந்தனர், ஏனெனில் புதிய நீர் சிறிது நேரம் அமிலத்தின் மேலேயே நிற்கும்.

டைனமோவைச் சோதிக்க, அதன் மின் வெளியீட்டு முனையையும் காந்தச் சுருளுக்குரிய முனையையும் வெளிக் கம்பிகளிலிருந்து பிரித்து ஒன்றாக இணைத்து எஞ்சினை மெல்ல ஓட்டுவார்கள். வோல்ட்டளவு ஏறினால் டைனமோ நலம், குற்றம் மின்னளவைக் கட்டுப்படுத்தும் பெட்டியினுடையது. நூல்கள் பரிந்துரைக்காத, ஆனால் பட்டறைகள் விடாத குறுக்குவழி ஒன்றும் இருந்தது: எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, எஞ்சின் நிற்காவிட்டால் டைனமோவுக்கு நற்சான்று வழங்குவது.

1960-ஆம் ஆண்டு மாடலான கிரைஸ்லரின் வேலியன்ட் காரோடு பரவத் தொடங்கிய ஆல்டர்னேட்டர் இதைப் பொறுக்கவில்லை. மாறுமின்னை ஒருதிசைப்படுத்தும் சிலிக்கன் டையோடுகள், பேட்டரி திடீரென விலகும்போது எழும் உயர் வோல்ட்டில் கருகின. பழுதைத் தேடிய கையே பழுதை உண்டாக்கியது. இயந்திரம் மாறிய வேகத்தில் பழக்கம் மாறவில்லை.

பின்னர் ஈயப் பட்டைகள் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மறைந்தன, பராமரிப்புத் தேவையில்லாப் பேட்டரிகளில் மூடிகளும் இல்லாதுபோயின. சோதிப்பவருக்கு எஞ்சியவை இரண்டு டெர்மினல்களும் வோல்ட்மீட்டரும்தான்: ஓய்வில் 12.6, எஞ்சின் ஓடுகையில் 14-ஐ ஒட்டிய அளவு. மின்னேற்றிய பின்னும் 10.5 வோல்ட்டே காட்டினால், 2.1 வோல்ட் தரவேண்டிய ஓர் அறை செத்துவிட்டது என்று கணிக்கலாம். அது எந்த அறை என்று மட்டும் சொல்ல முடியாது.