ஹொரைசன் வழக்குகள்

பிரிட்டனின் கிளை அஞ்சலகக் கணக்குகளைப் பேணுவதற்கென 1999-இல் புகுத்தப்பட்ட, ஃபுஜித்சு நிறுவனத்தின் ‘ஹொரைசன்’ கணினி முறைமையில் நேர்ந்த பிழைகளால், நிரபராதிகளான அஞ்சலக நடத்துநர் பலர் தண்டனையுற்ற வழக்குகளின் பொதுப்பெயர்.

கணினி காட்டிய பற்றாக்குறை மெய்யானதா பொய்யானதா என்று ஆராயும் சாதனம் எதுவுமின்றி, அதனை ஒப்பந்தப்படி தம் கைப்பொருளால் ஈடுசெய்து வறுமையுற்றோரும், திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்கள் சாட்டப்பட்டுச் சிறை புகுந்தோரும் உளர். 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். இவற்றுள் பெரும்பாலான வழக்குகளை அஞ்சலக நிறுவனமே வாதியாக நின்று தொடுத்தது. கணினி செம்மையாகவே இயங்கியது என்று கொள்ளும் சட்ட அனுமானம் அதற்குத் துணையாயிற்று.

முன்னாள் அஞ்சலக நடத்துநர் ஆலன் பேட்ஸ் முதலானோர் தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அம்முறைமையின் பிழைகளை உறுதிப்படுத்தியது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகள் மேல்முறையீட்டில் ரத்தாயின. எஞ்சியவற்றுள் மிகப் பலவற்றை 2024 மே மாதத்தில் நாடாளுமன்றம் தனிச்சட்டத்தால் நீக்கியது.

மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90A பிரிவு, பொறுப்பாளர் ஒருவரின் சான்றிதழ் கிடைத்தவிடத்துக் கணினி செவ்வனே இயங்கியதாக அனுமானிக்க இடந்தருதலின், இவ்வழக்குகள் புகட்டும் பாடம் அந்நாட்டினர்க்கும் புறம்பானதன்று.