மணம் விடு தூது

நம் புலவர்கள் அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் காதலுக்குத் தூது விடுத்தனர். பூச்சிகளோ மணத்தையே தூது விடுக்கின்றன. நம் மூக்குக்கு எட்டாத அத்தூதினை மனிதன் கண்டறிந்த வரலாறு சுவை மிக்கது.

தென் பிரான்சிலுள்ள செரிஞான் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் பூச்சியியல் அறிஞர் ஃபாபர் (1823–1915). ஒரு மே மாதக் காலையில், அவர் மேசைமேல் இருந்த கூட்டிலிருந்து பெரிய அந்துப்பூச்சிப் பெண் ஒன்று வெளிவந்தது. அதனைக் கம்பி வலைக் கூண்டில் அடைத்து வைத்தார். அன்றிரவு, மரங்கள் அடர்ந்த இருளைக் கடந்து, ஏறக்குறைய 40 ஆண் பூச்சிகள் அவர் இல்லத்துள் புகுந்தன!

அவற்றை அழைத்தது யாது? பெண் பூச்சியைக் காற்றுப் புகாக் கலத்தில் அடைத்தார், ஆண்கள் அணுகவில்லை. சிறிது இடைவெளி விட்டு மூடினார், வந்தன. எனவே மணமே காரணம் எனத் தோன்றியது. பின்னர் அறை முழுவதும் நாப்தலீன் நாற்றத்தைப் பரப்பினார். அப்பொழுதும் ஆண்கள் வழி தவறாது வந்தன. ஃபாபர் திகைத்தார். பெருநாற்றத்தில் நுண்மணம் மூழ்கிப் போகாதோ? ஒளியைப் போல மணத்திற்கும் அலைகள் உண்டோ என்றும் எண்ணிப் பார்த்தார்.

பூச்சிகள் உணவை அறிவதும் இவ்வகையிலேதான். கடுகுக் குடும்பச் செடிகளின் சாற்றைத் தடவினால், முட்டைக்கோசுப் புழுக்கள் தாம் வெறுக்கும் இலைகளையும் தின்னும் என்று 1910இல் ஆலந்து நாட்டு அறிஞர் வெர்ஷாஃபெல்ட் காட்டினார்.

ஃபாபரின் ஐயம் தீர நெடுங்காலம் ஆயிற்று. செருமானிய வேதியியல் அறிஞர் பூட்டனாண்ட், பெருந்தொகையாக வளர்க்கத்தக்க பட்டுப்பூச்சியைத் தேர்ந்தெடுத்தார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் உழைத்தார். 5 இலட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து கிடைத்த தூய பொருள் சில மில்லிகிராம் மட்டுமே! அதன் அணுவளவு பட்டாலும் ஆண் பூச்சி சிறகடித்தது. 1959இல் வெளியான அப்பொருளின் பெயர் பாம்பிக்கால். இத்தகைய தூதுப் பொருள்களுக்கு ‘பெரோமோன்’ என்னும் பெயர் சூட்டப்பட்டதும் அவ்வாண்டிலேயே.

ஆணின் உணர்கொம்பில், தன் இனப் பெண்ணின் மணத்தை மட்டுமே உணரும் தனி அணுக்கள் உள்ளன. பூட்டுக்கு உரிய சாவியே பொருந்துவது போன்றது இது. நம் மூக்கைத் திணறவைக்கும் நாப்தலீன் அப்பூட்டைத் தொடுவதே இல்லை. ஃபாபரைத் திகைக்க வைத்த புதிர் இவ்வாறு அவிழ்ந்தது.

இன்று உழவர் வயல்களில் வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகள் இவ்வறிவின் பயனே. தம் கருத்துக்கு மாறாக அமைந்த சோதனையை ஃபாபர் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, அப்படியே எழுதி வைத்தார். விடை காண்பது மட்டுமன்று, விடை கிட்டாத வினாவை நேர்மையுடன் விட்டுச் செல்வதும் அறிவியல் தொண்டே ஆகும்.