வேலூர் அரசுரிமைப் போர்: பர்ரதாஸின் கடிதமும் தோப்பூர்ப் போரின் நாளும்

விசயநகரத்தின் பெரிய உள்நாட்டுப் போர்களில் ஒன்று வேலூர்க் கோட்டைக்குள் தொடங்கியது. 1614 அக்டோபரில் இரண்டாம் வேங்கடபதி இறந்தபின் பட்டம் பெற்ற சீரங்கன் (சிக்கராயன்) சிறைவைக்கப்பட்டதும், பின்னர்க் குடும்பத்தோடு மாண்டதும், அவன் மகன் இராமதேவனை அவனுடைய ஆதரவாளரான எச்சம நாயக்கர் காப்பாற்றியதும் எல்லோரும் அறிந்தவை. இவற்றைப் பற்றி நாம் கொண்டிருக்கும் சித்திரத்தின் பெரும்பகுதி ஒரே கடிதத்திலிருந்து வந்தது. போர்த்துக்கீசியச் சேசு சபைத் துறவி மனுவேல் பர்ரதாஸ் 1616 டிசம்பர் 12 அன்று கொச்சியிலிருந்து எழுதிய கடிதம் அது. இராபர்ட் சூவெல் 1900இல் வெளியிட்ட நூலில் அதை நீளமாக மொழிபெயர்த்துத் தந்து, தம் வரலாற்றுப் பகுதியையே அதனோடு முடித்தார். அன்றுமுதல் இந்தப் போர் ஒரு பொய்ப்பிள்ளையின் கதையாகிவிட்டது. மகப்பேறில்லாத அரசி ஒரு பிராமணக் குழந்தையைத் தன் மகனாகக் காட்டினாள், அவள் உறவினன் ஜக்கராயன் அந்தப் பிள்ளைக்காக வாள் எடுத்தான், பேரரசு சிதறியது என்பது அந்த வாசிப்பு.

சூவெலின் உழைப்பு பெரிது. ஆயினும் அவர் கடிதத்தைப் பேசவிட்டாரே தவிர அதைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. பர்ரதாஸ் நிகழ்ச்சிகளை நேரில் கண்டவர் அல்லர். மலையாளக் கரையில் இருந்துகொண்டு, கேட்டதை எழுதினார். அரசி பாயம்மாவை அவர் ஜக்கராயனின் மகள் என்கிறார். ஜக்கராயனை அரசியின் உடன்பிறந்தானாகக் கொள்ளும் மரபும் உண்டு. அவர்கள் இருவரும் சேர்ந்த கொப்பூரி குடும்பத்தின் அடிப்படை உறவிலேயே தடுமாறக்கூடிய ஒரு சாட்சி, அந்தப்புரத்தில் குழந்தை கைமாறிய இரகசியத்தை மட்டும் பிழையின்றி அறிந்திருந்தார் என நம்புவது கடினம். அதைவிட முக்கியமான ஒன்று கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. குழந்தையின் பிறப்பு அரசருக்குத் தெரியும், அரசிமேல் வைத்த அன்பால் தெரியாதவர்போல் இருந்தார் என்கிறார் பர்ரதாஸ். அரசரே அறிந்த செய்தி பல ஆண்டுகள் எந்தப் போரையும் மூட்டவில்லை. ஆகவே அது போருக்குக் கிடைத்த கொடி. காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? அணிசேர்க்கையில். ஜக்கராயன் பக்கம் மதுரை முத்துவீரப்ப நாயக்கரும் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கரும் நின்றார்கள். இராமதேவன் பக்கம் எச்சமரும் தஞ்சை இரகுநாத நாயக்கரும். மதுரைக்கு வேலூர் அரியணையில் எந்தக் குழந்தை அமர்கிறது என்பதில் அக்கறை இருந்திருக்க இடமில்லை. வலிமையான பேரரசர் எவரும் அமரக்கூடாது என்பதில் இருந்தது. கொப்பூரி குடும்பத்தின் பிடி பழவேற்காட்டுக் கரையில் இருந்தது. அங்கே டச்சுக்காரர் 1613இல் கெல்திரியா கோட்டையை எழுப்பியிருந்தார்கள். துணி வாணிகத்தின் வருவாயும் அரசவைச் செல்வாக்கும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த நிலையில், புதிய அரசன் வருவது அக்குடும்பத்துக்கு நேரடி ஆபத்து. போர் முடிந்த விதமும் இதையே காட்டுகிறது. தோப்பூரில் நடந்த பெரும்போரில் ஜக்கராயன் மடிந்து, அந்தப் பிள்ளை சிறைப்பட்ட பிறகும் ஜக்கராயனின் தம்பி எத்திராஜன் சண்டையைத் தொடர்ந்தான். எத்திராஜன் மகளை இராமதேவன் மணந்தபோதுதான் அமைதி வந்தது. பிள்ளைக்காக நடந்த போர் பிள்ளையோடு முடிந்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். பிள்ளை உண்மையானவன் என்றால், வேங்கடபதி இறக்கும் தறுவாயில் ஏன் அண்ணன் மகனான சீரங்கனுக்கு அரச மோதிரத்தைக் கொடுத்தார்? நியாயமான கேள்வி. அந்தச் செயல் பிள்ளையின் உரிமையை ஐயத்துக்குள்ளாக்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை பொய் என்பதும் போர் பிள்ளையால் வந்தது என்பதும் இரு வேறு கூற்றுகள். முதலாவதற்கான சான்றைக் கொண்டு சூவெலின் வாசகர்கள் இரண்டாவதையும் நிறுவிவிட்டார்கள்.

தோப்பூர்ப் போரின் இடமும் நாளும் இதைவிடச் சிக்கலானவை. தருமபுரிப் பக்கத்துத் தோப்பூர்க் கணவாயை நினைத்துக் குழம்ப வேண்டியதில்லை. போர் நடந்த தோப்பூர் திருச்சிராப்பள்ளிக்கும் கல்லணைக்கும் இடைப்பட்டது. கல்லணையை ஒட்டிய தோகூரே அது என்ற கருத்து ஏற்கத்தக்கது. நாளைப் பொறுத்தவரை 1616 இறுதி என்பதே வழக்கமான முடிவு. பர்ரதாஸோ டிசம்பர் 12 அன்று, திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் படைகள் திரண்டு நிற்கின்றன என்று எழுதுகிறார். தீர்ப்பான போரைச் சொல்லவில்லை. காவிரிக்கரையிலிருந்து கொச்சிக்குச் செய்தி போய்ச் சேரச் சில வாரங்கள் ஆகியிருக்கும் என்றால், நவம்பர் வரை போர் நடக்கவில்லை என்பதற்கே இக்கடிதம் சான்று. டிசம்பரா, 1617 தொடக்கமா என்பதை அது தீர்க்காது.

இங்கே தஞ்சைச் சார்பு நூல்கள் தரும் ஒரு விவரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்: எதிரிகள் காவிரியின் அணையை உடைத்தார்கள் என்பது. கல்லணையின் வேலை, காவிரி நீர் உள்ளாறு வழியே தாழ்ந்த கொள்ளிடத்தில் விழுந்து வீணாகாமல் தடுப்பது. அதை உடைத்தால் தஞ்சையின் வாய்க்கால்கள் வற்றும். ஆனால் இந்த அடி சம்பாப் பயிர் வயலில் நிற்கும்போதுதான் வலிக்கும். தை அறுவடைக்குப் பின் உடைத்தால் உடனடியாகப் பெரிய நட்டமில்லை. ஆகவே உடைப்பு 1616 ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியது என்றும், போர் அதன்பின் தை முடிவுக்குள் நடந்தது என்றும் வாதிடுவேன். அரசவை நூல்கள் பகைவரைக் கொடியவராகக் காட்ட இதைப் புனைந்திருக்கலாமே என்பார்கள். இரகுநாதரின் வீரத்தை அந்நூல்கள் மிகைப்படுத்தின. எனினும், டெல்டாவில் ஒவ்வொரு உழவனும் அறிந்திருக்கக்கூடிய ஓர் உடைப்பை, அதே டெல்டாவில் இருந்த அவையில் இட்டுக்கட்டுவது எளிதன்று. இருந்தும் இது ஊகத்தின் மேல் நிற்கும் கால எல்லையே. கல்வெட்டு ஒன்று கிடைத்தால் மாறலாம்.

சூவெலின் வாசிப்பு முற்றாக மறைத்துவிட்ட இன்னொன்று, போரின் சுமை யார்மேல் விழுந்தது என்பது. இது அடிமைமுறையை முன்னிட்டு நடந்த போர் அன்று. ஆனால் அடிமைகளை உண்டாக்கிய போர். 1620ஐ ஒட்டிய ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து டச்சுக் கப்பல்கள் மனிதர்களை விலைக்கு வாங்கிப் பத்தாவியாவுக்கு ஏற்றின. வறட்சியையே காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் தொண்டை மண்டலத்தில் அதற்குமுன் பல ஆண்டுகள் படைகள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, நெல்லும் மாடும் பறிபோயிருந்தன. கையில் தானியம் இருந்த குடி ஒரு மழை பொய்ப்பதைத் தாங்கும். கொள்ளையடிக்கப்பட்ட குடி தாங்காது, பிள்ளைகளை விற்கும். அரசுரிமைச் சண்டை நடத்திய குடும்பத்தின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்த அதே பழவேற்காட்டில்தான் அந்த விற்பனை நடந்தது.