தேரி மணலும் ஐம்பது சிசி வண்டியும்

தாமிரபரணி கடலில் கலக்குமிடத்திலுள்ள புன்னக்காயல், ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணின் கடைசி ஊர். கொற்கையும் பழையகாயலும் துறைமுகங்களாக விளங்கி, வண்டல் மேடிட்டுக் கடல் விலகியதால் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கிய பிறகு, போர்த்துக்கீசியர் காலமாகிய 16ஆம் நூற்றாண்டில் இவ்வூர் பெயர்பெற்றது. சற்றுத் தெற்கே திருச்செந்தூர் வட்டாரத்தில் தேரிகள், அதாவது காற்று குவித்த செம்மணல் மேடுகள், பரந்து கிடக்கின்றன. அவற்றுள் பெரியதொன்றுக்குக் குதிரைமொழித் தேரி என்று பெயர். இக்கரையில் குதிரை இறக்குமதியும் நடந்தது: 13ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்துக் காயல் துறைமுகத்துக்கு அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்திறங்கியதையும், பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவை பெரும்பாலும் மாண்டதையும் மார்க்கோ போலோ குறித்துள்ளார். ஊர்தி நிலத்துக்கும் அதைக் கையாள்பவனுக்கும் பொருந்த வேண்டும் என்பது, ஆகவே, இக்கரைக்குப் புதிய பாடமன்று.

மோட்டார் வண்டிக்கும் அந்தப் பாடம் பொருந்தும். மண்தரையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் போட்டி 1924இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் தொடங்கியதாகச் சொல்வர். பின்னர் அது மோட்டோகிராஸ் எனப் பெயர்பெற, அதற்கென உருவான இலகுவான வண்டி டர்ட் பைக் ஆயிற்று. சிறுவருக்கான வண்டியில்தான் ஊர்தியை ஓட்டுபவருக்குப் பொருத்தும் கலையின் நுட்பம் தெளிவாகத் தெரிகிறது. 1981இல் வெளிவந்த யமஹா பிடபிள்யூ 50இல் கையால் இயக்கும் கிளட்சும் கியர் மாற்றமும் இல்லை. ஆக்சிலரேட்டர் எவ்வளவு திரும்பலாம் என்பதை ஒரு சிறு திருகாணி கட்டுப்படுத்தியதால், பிள்ளையின் துணிச்சல் எவ்வளவாயினும் வேகத்தின் எல்லை பெற்றோர் கையிலேயே இருந்தது. சிறுவருக்கு வண்டி தேரும்போது, இருக்கையில் அமர்ந்தபடி பிள்ளையின் இரு பாதங்களும் தரையில் ஊன்ற வேண்டும். மணலில் ஓட்டுவதாயின், டயர் அகன்று பதியுமாறு காற்றைக் குறைக்க வேண்டும். தொடக்கத்தில் வேகத்தைவிட நிறுத்துவதையே பழக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பழகுவோருக்கேற்ற எளிய வண்டியின் இடத்தை நிரப்பியது மொபெட் என்றே கொள்ளத்தகும். திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த தொழிற்சாலையொன்று, 1980இல் ஓசூரில் டிவிஎஸ் 50ஐ வெளியிட்டது. சைக்கிளைப் போல் பெடலும், கால் எளிதாகப் போடும் தாழ்ந்த சட்டமும், வேகம் கூடும்போது தானே பற்றிக்கொள்ளும் கிளட்சும் கொண்ட அது, சைக்கிள் தெரிந்த எவரையும் மோட்டார் ஓட்டியாக்கியது. பள்ளிக்கூடமோ பயிற்சிக் களமோ இன்றி நிகழ்ந்த இம்மாற்றத்தை வரலாற்று நூல்கள் கண்டுகொள்வதில்லை. 1982இல் பந்தயத்துக்கென டிவிஎஸ் ரேசிங் அணி உருவானது. அன்றைய களம் உலகப்போர்க்காலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமைத்தது 1990இல்தான். மண்தடப் போட்டிகளும் வளர்ந்தன. சிறுவருக்கான முறையான பயிற்சியோ மிகப் பின்னரே, அதுவும் பெருநகரங்களை ஒட்டியே வந்தது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 50 சிசிக்கு மிகாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்ட 16 வயதினருக்கு இடமளிக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ, உரிய வயதும் உரிமமும் இல்லாத சிறாரின் குற்றத்துக்குப் பெற்றோரையும் பொறுப்பாக்கி, 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கிறது. இதற்கிடையே டிவிஎஸ் 50இன் வாரிசான எக்ஸ்எல் 100இன் இயந்திரம் 99.7 சிசியாக வளர்ந்துவிட்டமையால், 16 வயதுப் பிள்ளை அதை இன்று சாலையில் ஓட்ட முடியாது.