எலிக்காய்ச்சல்

லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கு நம் மக்கள் வைத்த பெயர். அறிவியல் பெயர் கிருமியின் வடிவத்தைச் சொல்கிறது: கிரேக்கத்தில் 'லெப்டோஸ்' மெல்லியது, இலத்தீனில் 'ஸ்பைரா' சுருள். தமிழ்ப்பெயர் அதைச் சுமக்கும் எலியைச் சுட்டுகிறது; மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் கிருமி வெளிவரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இதே நோய்க்கு ஒருகாலத்தில் ஊர்ப்பெயரும் இருந்தது. வடக்கு அந்தமானின் திக்லிப்பூரில் 1980களின் இறுதியில், மழைக்காலத்தை ஒட்டிக் காய்ச்சலோடு இருமலில் இரத்தம் வந்தது. காரணம் தெரியாமல் 'அந்தமான் குருதிக்கசிவுக் காய்ச்சல்' என்றார்கள். 1993இல் பரவியபோது ஆராய்ந்து, எலிக்காய்ச்சலே என்று கண்டார்கள். எந்த ஊர், எந்த மாதம், என்ன தொழில் என்று வரைபடத்தில் குறித்துப் பார்ப்பது இங்கே உயிர்காக்கும் வேலை. தெற்கு அந்தமானின் கராச்சர்மா போன்ற ஊர்களிலும், காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்குபவருக்கே ஆபத்து அதிகம்.