ஆர் மொழியும் அதன் பேக்கேஜ் கிடங்கும்

நொய்டாவில் பொட்டி தட்டிப் பிழைக்கும் எனக்குச் சோறு போடுவது 'ஆர்' என்ற புள்ளியியல் மொழி. நம்மூர் இனிஷியல் மாதிரி ஒற்றை எழுத்துப் பெயர். அதற்கும் ஒரு கதை இருக்கிறது, வாங்க, கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் சகாக்களும் 'எஸ்' என்ற மொழியை ஆரம்பித்தார்கள். பின்னாளில் அது எஸ்-பிளஸ் என்ற பெயரில் காசுக்கு விற்பனையானது. 1990-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் அதே சாயலில் இன்னொரு மொழியைச் செய்தார்கள். இரண்டு பேருக்கும் முதலெழுத்து ஆர். போதாதா? :-)

1995-ல் அதை ஜிபிஎல் உரிமத்தில் திறந்து விட்டார்கள். ஆளாளுக்கு எழுதிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அதையெல்லாம் எங்கே வைப்பது? 1997 ஏப்ரலில் வியன்னாவில் கர்ட் ஹோர்னிக்கும் ஃப்ரிட்ஸ் லைஷும் 'கிரான்' என்ற கிடங்கைத் திறந்தார்கள். அன்று அதில் இருந்த பேக்கேஜ்கள் வெறும் 12. 2017-ல் அது 10,000-ஐத் தாண்டியது.

இங்கேதான் சிக்கல். நாம் ஒரு பேக்கேஜ் கேட்டால் கிரான் தருவது இன்றைய வெர்ஷன். பழையவற்றின் மூலநிரல் பரணில் கிடக்கும், நாமாகத் தேடி எடுக்க வேண்டும். 2013-ல் 3.0.0 வந்தபோதும், 2020-ல் 4.0.0 வந்தபோதும், எல்லா பேக்கேஜையும் மறுபடி நிறுவச் சொன்னார்கள். நிறுவினால் எல்லாமே புதுசாக வந்து உட்காரும். மொழியே கூட மாறும். 2019-ல் வந்த 3.6.0-ல் குலுக்கல் முறையில் மாதிரி எடுக்கும் வழியை மாற்றினார்கள். பழைய முறையில் நுட்பமான ஒரு பிழை இருந்ததால் மாற்றியது நியாயம்தான். ஆனால் அதே விதை எண்ணைக் கொடுத்தாலும் வேறு மாதிரி வரும்.

இது வெறும் பொட்டி தட்டுபவன் புலம்பல் இல்லைங்க. ஒரு மருந்து வேலை செய்கிறதா, ஒருவருக்குக் கடன் கொடுக்கலாமா என்று இந்த மொழியில் கணக்குப் போட்டு முடிவெடுக்கிறார்கள். மூன்று வருஷம் கழித்து "அந்த எண் எப்படி வந்தது?" என்று ஒருவர் கேட்டால், திரும்பப் போட்டுக் காட்ட முடிய வேண்டாமா?

அதற்கும் வழி தேடினார்கள். 2014 முதல் 'எம்ரான்' என்ற தளம் கிரானை நாள்தோறும் அப்படியே படியெடுத்து வைத்தது. 2023-ல் அதையும் மூடிவிட்டார்கள். 2019-ல் கிரானுக்கு வந்த 'ரென்வ்' ஒவ்வொரு வேலைக்கும் தனி அலமாரி கொடுத்து, எந்த பேக்கேஜ், எந்த வெர்ஷன் என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. ஆர் மொழியின் வெர்ஷனையும் குறித்துக்கொள்ளும், ஆனால் அந்த வெர்ஷனை நிறுவுவது நம் பாடு.

கடையில் சாமான் வாங்கினால் பில்லைப் பத்திரப்படுத்துகிறோம். கணக்குக்கும் அப்படித்தான். அறிக்கையோடு அந்த வெர்ஷன் பட்டியலையும் சேர்த்து வையுங்கள். நாளைக்கு நம் நாற்காலியில் உட்காரப் போகிற பிள்ளை நம்மைத் திட்டாமல் இருக்கும்.