ஒன்பதாவது கிரகமும் ஒத்துவராத புள்ளியும்

பவானி கூடுதுறையில் காவிரியும் பவானியும் சேர்வதைக் கண்ணால் பார்க்கலாம். மூன்றாவதாக அமுத நதி ஒன்றும் அடியில் வந்து கலப்பதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். சின்ன வயசில் அம்மாயியிடம், "அது எங்கே, காணோமே?" என்று கேட்டேன். "அது கண்ணுக்குத் தெரியாது சாமி" என்று முடித்துவிட்டார்.

வானத்திலும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே நம்பிக்கை மட்டும் போதாது; கணக்கு வேண்டும்.

1781-இல் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டார். பிறகு அது கணக்குப் போட்ட பாதையில் சரியாகப் போகவில்லை. வெளியே இருந்து வேறொரு கிரகம் இழுக்கிறது என்று லெவெரியே கணக்குப் போட்டு இடம் சொன்னார். 1846 செப்டம்பர் 23-ஆம் தேதி இரவு, பெர்லினில் கால்லே அந்த இடத்தைப் பார்த்தார். ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது!

அந்த வெற்றி எல்லோருக்கும் ஆசை காட்டிவிட்டது. யுரேனஸ் கணக்கில் இன்னும் கொஞ்சம் பிசகு மிச்சமிருக்கவே, பெர்சிவல் லோவெல் 'எக்ஸ்' கிரகத்தைத் தேடினார். 1930-இல் அவருடைய ஆய்வகத்தில் கிளைடு டோம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தார். ஆனால் புளூட்டோ, யுரேனஸை இழுக்கிற அளவுக்குப் பெரியதே இல்லை. அப்படியானால் பிசகு எங்கே? 1989-இல் வாயேஜர்-2 நெப்டியூனைக் கடந்தபோது அதன் நிறை திருத்தமாகத் தெரிந்தது. அதை வைத்து 1993-இல் மறுபடி கணக்குப் போட்டார்கள். பிசகே காணாமல் போச்சு. 'எக்ஸ்' கிரகமும் அதோடு போச்சு.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் பங்கும் இருக்கிறது நண்பர்களே. ஜவ்வாது மலையில், வாணியம்பாடிப் பக்கம் காவலூர் என்று ஓர் ஊர். வேணு பாப்பு அங்கே வானாய்வகம் அமைத்தார். 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது.

1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது. அதை வைத்து யுரேனஸைப் பற்றி அளக்கலாம் என்று பல நாட்டு ஆய்வாளர்கள் காத்திருந்தார்கள். காவலூரில் ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் நட்சத்திர ஒளியைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். எதிர்பாராமல் ஒளி சில வினாடிகள் மங்கி மீண்டது.

மேகமா? கருவிக் கோளாறா? அப்படித் தள்ளிவிட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் தள்ளவில்லை. யுரேனஸின் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்து பார்த்த எலியட் குழுவுக்கு, கிரகத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரி பல மங்கல்கள் கிடைத்தன. ஆக, அது துணைக்கோள் இல்லை, வளையங்கள்! காவலூர்க்காரர்கள் சொன்ன காரணம் தப்பு, பதிவு சரி. அதே வருஷம் பாப்புவும் பட்டாச்சார்யாவும் யுரேனஸின் வளையங்களைப் பற்றி அதே இதழில் எழுதினார்கள்.

1988-இல் அதே காவலூரில், புகைப்படத் தகட்டில் இடம் நகர்ந்திருந்த ஒரு சின்னப் புள்ளியிலிருந்து ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்கு வைத்த பெயர் ராமானுஜன். நம்ம ஈரோட்டில் பிறந்த அதே கணித மேதைதான்!

தேடல் இன்னும் நிற்கவில்லை. 2006-இல் புளூட்டோவின் கிரகப் பதவி போனபின் எண்ணிக்கை எட்டாகக் குறைந்தது. 2016-இல் கால்டெக்கின் பட்டிஜின், பிரவுன் இருவரும், நெப்டியூனுக்கு அப்பால் சில குறும்பொருள்களின் பாதைகள் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதைக் காட்டி, பூமியைப் போலப் பல மடங்கு நிறையுள்ள ஒன்பதாவது கிரகம் இருக்கலாம் என்றார்கள். மற்ற சிலரோ, "வானத்தில் தேடின பக்கமே அதுதான், அதனால்தான் அப்படித் தெரிகிறது" என்கிறார்கள். 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட, சிலி நாட்டிலுள்ள ரூபின் தொலைநோக்கி வானத்தைத் துழாவும்போது இதற்கு விடை கிடைக்கலாம். அது நெப்டியூன் கதையாகவும் முடியலாம், 'எக்ஸ்' கதையாகவும் முடியலாம்.

நம்ம லேப் நினைவிருக்கிறதா? கிராஃப் நேர்கோடாக வரணுமே என்று, ஒத்துவராத புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டு ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினவர்கள்தானே நாம்! ஒத்துவராத புள்ளி சில சமயம் புதிய கிரகம். சில சமயம் நம் கணக்கின் தப்பு. எதுவென்று தெரிய இருபது வருஷம் ஆகலாம், நூறு வருஷமும் ஆகலாம். ஆனால் அழித்துவிட்டால் ஒருநாளும் தெரியாது. இன்று நம்மில் பலர் அடுத்தவர் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறோம். பேனாவை எடுக்குமுன் அந்த ஒரு புள்ளி எங்கே போச்சு என்று கேட்போம்.